கருப்புக்கு ஒரு தனித் தகடு

சயான், மெஜந்தா, மஞ்சள். இந்த மூன்று மையையும் ஒன்றன் மேல் ஒன்றாக அச்சடித்தால் கருப்பு வரணும். கணக்கு சரிதான். ஆனா தாளில் அடிச்சுப் பார்த்தா சேறு மாதிரி ஒரு கரும்பழுப்புதான் வரும். அதனாலதான் அச்சகத்தில் நான்காவதாகக் கருப்பு மை. இது எப்போ உள்ளே வந்தது என்று தேடப் போனேன். கிடைத்தது 18-ம் நூற்றாண்டுச் சண்டை ஒன்று.

யாக்கோப் கிறிஸ்டோஃப் லெ ப்ளான், 1667-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்த ஓவியர். ஒளிகள் கலந்தால் வெள்ளை, சாயங்கள் கலந்தால் கருப்பு என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னவர். கணினித் திரைக்கும் அச்சுக்கும் இன்றும் ஒத்துப்போகாததன் அடிப்படை இதுதான். நீலம், மஞ்சள், சிவப்பு என மூன்றே தகட்டில் ஓவியங்களை அச்சிடும் முறைக்கு 1719-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்.

அவர் எடுத்துக்கொண்டது மெசோடின்ட் முறை. செப்புத் தகடு முழுவதையும் பல்லுள்ள கருவியால் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே கருப்பு மை பூசி அடித்தால் வெல்வெட் மாதிரி ஆழமான கருப்பு விழும். வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி வழவழப்பாக்கணும். அந்தக் கருப்பை விட்டுட்டு மூன்று வண்ணங்களில் அடிக்கப் போனார் லெ ப்ளான். சாயங்கள் சுத்தமில்லை, மூன்று தகடும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் விழணும். லண்டனில் தொடங்கிய கம்பெனி நஷ்டத்தில் முடிந்தது.

பிறகு பாரிஸ். அங்கே 1738-ல் அவரிடம் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர் ஜாக் ஃபாபியன் கோத்தியே தாகோத்தி. 1741-ல் லெ ப்ளான் இறந்தார். அதே வருஷம் வண்ண அச்சுக்கான அரச உரிமை கோத்தியே கைக்குப் போனது. அவர் வாதம் என்ன தெரியுமா? 'அது மூன்று தகடு, என்னுது நான்கு. கருப்பு என் கண்டுபிடிப்பு.'

ஆனால் லெ ப்ளானின் முறையை விளக்கி 1756-ல் வந்த நூல், அவரே சில சமயம் கருப்புத் தகடும் சேர்த்துக்கொண்டதைச் சொல்கிறது. எனக்குப் படுவது இதுதான்: லெ ப்ளானுக்குக் கருப்பு ஒரு கைவசதி. வெளியே பெருமையாகச் சொன்னால் அவரது 'மூன்றே போதும்' கொள்கை அடிபடும். கோத்தியேவுக்கு அந்தக் கொள்கைப் பிடிப்பு இல்லை; கருப்பையே மூலதனமாக்கிக்கொண்டார்.

இன்றைக்கும் கதை முடியலை. பெரிய பரப்பில் வெறும் கருப்பு மை 100 சதவீதம் அடித்தால் வெளிறிய சாம்பலாகத் தெரியும். அதனால் அடியில் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 என்ற மாதிரி கொடுத்து 'ரிச் பிளாக்' ஆக்குகிறார்கள். ஆசைப்பட்டு நான்கையும் 100 வைத்தால் மை காயாது, அடுத்த தாளில் ஒட்டும். சின்ன எழுத்துக்கோ வெறும் கருப்பேதான். தகடு இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டும்.

மூன்று வண்ணமும் சேர்ந்து கொடுக்க முடியாத ஆழத்தைக் கருப்பு கொடுத்தது. அந்தக் கருப்புக்கே இன்று ஆழம் கொடுப்பது, பழைய அந்த மூன்று பேர்தான்.