இருபது மைல் வேகவரம்பு இயக்கம் (பிரிட்டன்)

வீடுகள் நிறைந்த தெருக்களில் வண்டிகளின் உச்ச வேகத்தை மணிக்கு 30 மைலிலிருந்து (48 கி.மீ.) 20 மைலாக (32 கி.மீ.) குறைக்கக் கோரி பிரிட்டனில் நடந்துவரும் குடிமக்கள் இயக்கம். வாரிங்டன் நகரைச் சேர்ந்த ராட் கிங் 2007இல் தொடங்கிய ‘ட்வென்டீஸ் பிளென்டி ஃபார் அஸ்’ அமைப்பு இதை முன்னின்று நடத்துகிறது. கோரிக்கை அவருக்கு முன்பே இருந்ததுதான். விபத்து நடந்த தெருவுக்கு மட்டும் கேட்காமல் ஊர் முழுவதற்கும் கேட்டது அவர் கொண்டுவந்த மாற்றம்.

30 மைல் வரம்பு பிரிட்டனில் 1935 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்புதான், 1930ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கு வேகவரம்பே வேண்டாம் என்று எடுத்துவிட்டிருந்தது. 1934இல் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். லெஸ்லி ஹோர்-பெலிஷா போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது ஊர்ப்பகுதிகளுக்கு வரம்பு திரும்பி வந்தது. எது ஊர்ப்பகுதி என்பதைச் சட்டம் தெருவிளக்கை வைத்து முடிவுசெய்கிறது: விளக்குகளுக்கு இடையே 200 கஜத்துக்கு மேல் இடைவெளி இல்லையென்றால், பலகை எதுவும் இல்லாவிட்டாலும் இங்கிலாந்தில் அந்தச் சாலைக்கு 30தான். வேல்ஸில் பின்னர் நடந்த மாற்றம் முழுவதும் இந்த விளக்கு விதியின் மேல்தான் நின்றது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பிரிட்டனின் சாலைவிதிக் கையேட்டில் உள்ள நிறுத்தத் தூரக் கணக்கே போதும். 20 மைல் வேகத்தில் வரும் கார் நிற்க 12 மீட்டர் வேண்டும். 30 மைலில் 23 மீட்டர். காருக்கு 12 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவருவதாக வைத்துக்கொள்வோம். முதல் கார் குழந்தையை எட்டும் முன் நின்றுவிடும். இரண்டாவது காரின் ஓட்டுநர் கண்டு உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்குள்ளேயே 9 மீட்டர் போய்விடும். மிச்சம் 3 மீட்டர். மோதும்போது அந்தக் கார் 26 மைலுக்கும் மேலான வேகத்தில் இருக்கும். இரண்டு கார்களுக்கும் இடையே இருந்தது பத்து மைல் வித்தியாசம் மட்டுமே.

பிரிட்டனில் முதல் 20 மைல் மண்டலங்கள் 1991இல் ஷெஃபீல்டு, கிங்ஸ்டன், நாரிச் ஆகிய ஊர்களில் அமைந்தன. அவற்றில் பலகையோடு வேகத்தடைகளும் இருந்தன. பலனும் தெளிவாகத் தெரிந்தது: 1996இல் வெளிவந்த அரசு ஆய்வு, இத்தகைய மண்டலங்களில் சராசரி வேகம் 9 மைலும் விபத்துகள் சுமார் 60 சதவீதமும் குறைந்ததாகக் கண்டது. ஆனால் தடை கட்டச் செலவு அதிகம். ஆம்புலன்சும் பேருந்தும் அதில் குலுங்கும், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் செய்வார். ஆகவே பல ஊர்களில் சில தெருக்களோடு திட்டம் நின்றுபோயிற்று.

வாரிங்டனின் இணைநகரமான ஜெர்மனியின் ஹில்டனில் குடியிருப்புத் தெருக்கள் எங்கும் 30 கி.மீ. வரம்பு இருப்பதைக் கிங் நேரில் பார்த்திருந்தார். தடையே இல்லாமல் பலகையை மட்டும் வைத்து ஒரு நகரம் முழுவதையும் மாற்றலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. இதே சமயத்தில் போர்ட்ஸ்மத் நகரம் அதைச் செய்தே காட்டியது. 2008 மார்ச்சுக்குள் அதன் 438 கி.மீ. சாலைகளில் 410 கி.மீ.க்கு 20 மைல் வரம்பு வந்துவிட்டது.

இயக்கத்தின் வேலை பெரும்பாலும் உள்ளூர் வேலைதான். ஓர் ஊரில் நாலு பேர் சேர்ந்து கிளை தொடங்குவார்கள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவார்கள். உள்ளாட்சி மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லி உறுப்பினர்களை நச்சரிப்பார்கள். சிவப்பு வட்டத்துக்குள் ‘20’ என்று அச்சிட்ட ஸ்டிக்கரை வீட்டுக் குப்பைத்தொட்டியில் ஒட்டிவைப்பது இவர்களின் பிரபலமான உத்தி. குப்பை வண்டி வரும் நாளில் சக்கரம் வைத்த தொட்டிகள் தெருவோரம் வரிசையாக நிற்கும்போது, காசு செலவில்லாமல் தெரு முழுக்க வேகப்பலகை நிற்கும். சில ஊர்களில் ஒளிரும் சட்டை அணிந்த தன்னார்வலர்கள் வேகமானியோடு நின்று வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். காவல்துறை அந்த ஓட்டுநருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும், அபராதம் கிடையாது. மன்றம் இசைந்த பிறகும் அறிவிக்கை வெளியிட வேண்டும், 21 நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும், பிறகே ஆணை. உற்சாகத்தோடு தொடங்கியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் களைத்துப்போகிறார்கள்.

பலகை மட்டும் போதுமா என்பதே இயக்கத்தின் தீராத வழக்கு. போர்ட்ஸ்மத்தில் சராசரி வேகம் 1.3 மைல்தான் குறைந்தது. முன்பு 24 மைலுக்கு மேல் ஓடிய தெருக்களில் மட்டும் 6.3 மைல் குறைந்தது. பிரிட்டன் அரசுக்காக 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வும் குடியிருப்புப் பகுதிகளில் வேகம் ஒரு மைல்கூடக் குறையவில்லை என்றது. பெரும்பாலான ஊர்களில் விபத்துக் குறைவை உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும் சொன்னது. எதிர்ப்பாளர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இயக்கத்தாரின் பதில்: தெருவுக்குத் தெரு வரம்பு மாறினால் ஓட்டுநருக்குப் பழக்கம் படியாது, நாடு முழுக்க ஒரே வரம்பு வந்தால்தான் படியும். வாதம் நியாயமானதே. ஆனால் வேகத்தடை மண்டலங்களின் வெற்றிக் கணக்கைப் பலகைத் திட்டத்துக்கும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இயக்கத்தினரிடம் உண்டு, அது சரியல்ல.

அந்த வாதத்தை நாடு தழுவிய அளவில் சோதித்தது வேல்ஸ். முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்டு, துணை அமைச்சர் லீ வாட்டர்ஸ் ஆகியோர் முனைப்பில் 2023 செப்டம்பர் 17 அன்று விளக்கு விதிக்கு உட்பட்ட சாலைகளின் பொதுவரம்பு 30இலிருந்து 20 ஆயிற்று. அதாவது, 20க்கு ஆணை வேண்டும் என்பது போய், 30 வேண்டுமானால்தான் ஆணை என்றாகிவிட்டது. சாலை நீளத்தில் சுமார் 37 சதவீதம் ஒரே நாளில் 20க்குள் வந்தது. எதிர்ப்பும் அதே வேகத்தில் எழுந்தது. பலகைகள் மீது பெயின்ட் பூசப்பட்டது. வரம்பைத் திரும்பப் பெறக் கோரும் மனுவில் 4,69,571 பேர் கையெழுத்திட்டனர். வேல்ஸ் நாடாளுமன்றத்துக்கு அதற்குமுன் எந்த மனுவும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. பயண நேரம் கூடுவதால் முப்பது ஆண்டுகளில் சுமார் 450 கோடி பவுண்டு இழப்பு என்று அரசின் சொந்த மதிப்பீட்டிலேயே இருந்த வரி எதிர்த்தரப்புக்கு ஆயுதமாயிற்று. ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்தை கோடிக்கணக்கான பயணங்களால் பெருக்கி வந்த தொகை அது.

முதல் மாதங்களின் அளவீட்டில் முக்கியச் சாலைகளில் சராசரி வேகம் சுமார் 4 மைல் குறைந்திருந்தது. போர்ட்ஸ்மத்தில் கண்ட சராசரிக் குறைவைவிட இது மிகவும் அதிகம். அடுத்து வந்த அரசுப் புள்ளிவிவரங்களில் 20, 30 மைல் சாலைகளில் காயமடைந்தோர் எண்ணிக்கையும் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. 2024இல் புதிய அமைச்சர் கென் ஸ்கேட்ஸ் சில சாலைகளை மீண்டும் 30க்கு மாற்ற உள்ளாட்சிகளுக்கு வழிவிட்டார், பொதுவரம்பில் கைவைக்கவில்லை.

பிற நாடுகளில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் 1992இலேயே முக்கியச் சாலைகள் தவிர நகரம் முழுக்க 30 கி.மீ. வரம்பைக் கொண்டுவந்தது. ஸ்பெயின் 2021 மே மாதம், திசைக்கு ஒரு தடமே உள்ள நகரச் சாலைகள் அனைத்துக்கும் அதை விதித்தது. மக்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கி.மீ.க்கு மேல் கூடாது என்று 2020ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டது. சென்னையிலும் 2023 நவம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கி.மீ.தான், அது காவல்துறை அறிவிப்பாக வந்தது. இங்கிலாந்தில் பொதுவரம்பு மாறவில்லை. அங்கே 20 வேண்டும் என்கிற ஒவ்வொரு ஊரும் தனக்கெனத் தனி ஆணை பிறப்பித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.