கேரள எல்லைப்புற இளைஞர் மன்றங்கள்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய வட்டங்களில் கட்சி, நூலகம், விளையாட்டு, அரசுத் திட்டம் ஆகியவற்றின் வழியே உருவான இளைஞர் அமைப்புகள். இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. 1956 நவம்பர் 1இல் கேரளம் உருவானபோது ஒரே மாநிலத்துக்குள் வந்த இப்பகுதிகளில் அட்டப்பாடி முன்பு மலபாரிலும், சித்தூர் கொச்சியிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் இருந்தவை. ஆகவே இம்மன்றங்களுக்குப் பொதுவான ஒரு தொடக்கத்தைத் தேடுவது வீண். அந்தப் பழைய பிரிவினை இன்னும் ஏட்டில் இருக்கிறது: அட்டப்பாடியில் ஒரு மன்றம் 1860ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகும், தேவிகுளம் வட்டத்து மூணாற்றில் அதுபோன்ற மன்றத்துக்கு 1955ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம்.

இடுக்கி மலைகளில் அரசியல் திரட்சி முதலில் மொழியை ஒட்டி எழுந்தது. 1954இல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது; அதன் தலைவர்களுள் ஒருவரான மார்ஷல் நேசமணி மூணாற்றில் கைதானார். கோரிக்கை நிறைவேறவில்லை. அதன்பின் தேயிலைத் தோட்ட இளைஞர்களை ஈர்த்தவை தொழிற்சங்கங்களே. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்து மேடைதோறும் பாடினார். உடன் வந்த தம்பிதான் பின்னாளில் இளையராஜா. இம்மலைகளின் இளைஞர் அரசியல் தமிழ்ப் பாட்டோடு வளர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கட்சி சார்ந்த கட்டமைப்பு பிறகு வந்தது. அனைத்திந்திய இளைஞர் பெருமன்றம் 1959இலும், கேரள சோஷலிஸ்ட் இளைஞர் கூட்டமைப்பு 1968இலும் தோன்றின. பின்னது 1980 நவம்பரில் லூதியானாவில் உருவான இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தில் கலந்தது. யூனிட், மேகலா, பிளாக், மாவட்டம் என்று அடுக்கடுக்கான அதன் கமிட்டிகள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள் வரை எட்டின. கட்சிக்கு வெளியே தோட்டத்து இளைஞரைச் சேர்த்து வைத்தது கால்பந்து. எஸ்டேட் அணிகள் மோதும் பின்லே கேடயப் போட்டிக்கு மூணாற்றில் இன்றும் மவுசு உண்டு.

அரசு, 1972இல் தொடங்கிய நேரு யுவ கேந்திரா வழியாக உள்ளே வந்தது. சர்வதேச இளைஞர் ஆண்டான 1985இல் கேரள மாநில இளைஞர் நல வாரியச் சட்டம் பிறந்தது. வாரியம் நடத்தும் கேரளோத்சவம் ஊராட்சியில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறுவது. 1996இன் மக்கள் திட்டம் ஊராட்சிகளின் கையில் பணத்தைக் கொடுத்த பிறகு, மன்றங்கள் கட்சி அலுவலகத்தை விட ஊராட்சி அலுவலகத்தையே அதிகம் சுற்றத் தொடங்கின. இது வளர்ச்சியா என்பதில் இரு கருத்து உண்டு. கிடைத்தது நிதி, குறைந்தது சண்டைக்குணம்.

இந்தப் போக்குக்கு விதிவிலக்கு இடுக்கியின் இடமலைக்குடி. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010இல் அறிவிக்கப்பட்ட இங்கு, பெட்டிமுடியிலிருந்து காட்டு வழியே நடந்துபோன காலத்திலேயே அக்ஷரா கலை விளையாட்டு மன்றத்தின் நூலகம் இயங்கியது. இடம் ஒரு டீக்கடை. சுமார் 160 புத்தகங்கள், சாக்குமூட்டைகளில். முதுவான் பழங்குடி வாசகர்கள் டீ குடித்துவிட்டு எடுத்துப்போன அவற்றில் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் இருந்தது.

பெண்கள் இம்மன்றங்களில் நெடுங்காலம் விளிம்பில்தான் இருந்தார்கள். 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் எழுந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பேரில் திரண்டார்கள். கட்சிகளின் இளைஞர் அணிகளுக்கும் அதில் முன்வரிசை கிடைக்கவில்லை. இளம்பெண்களுக்கென்றே இளைஞர் நல வாரியம் இப்போது ‘அவளிடம்’ மன்றங்களை நடத்துகிறது.

யார் இளைஞர் என்பதிலும் கணக்கு ஒத்துப்போவதில்லை. 2014ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை என்கிறது. கேரளோத்சவத்தில் 40 வயதுவரை ஆடலாம்.