வீரத்துறவி சுப்பிரமணிய சிவாவின் ஆலயக் கனவு

கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் அதற்கு வடக்கேயுள்ள தோட்டங்களிலும் பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர், லயங்களுக்கருகே மரத்தடியில் தெய்வத்தை நிறுத்தி வணங்கினார்கள். பின்னர்த் தம் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கோயில் எழுப்பினார்கள். அக்கோயிலே அவர்களுக்கு மன்றமாகவும் பள்ளியாகவும் துயர் ஆற்றும் இடமாகவும் விளங்கிற்று. கோயில் யாருக்கு உரியது என்னும் வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக அளித்த பெருந்தகை ஒருவரை இத்திருவிழா மலரில் நினைவுகூர்வது சாலப் பொருத்தமாகும். அவரே வீரமுரசு சுப்பிரமணிய சிவா.

சிவா 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தார். இளமையிலேயே இறைநாட்டமும் நாட்டுப்பற்றும் அவர் உள்ளத்தில் ஒருங்கே வேரூன்றின. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைத் திரட்டித் தேசப்பணி ஆற்றிய அவர், அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றியவாறு தூத்துக்குடியை அடைந்தார். அங்கே கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் அவரைத் தம் உடன்பிறந்தாரெனக் கருதி ஆதரித்தார்.

அந்நாளில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். வார விடுமுறையும் அவர்களுக்கு இல்லை. 1908 பிப்ரவரி இறுதியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சிவாவும் முன்னின்று வழிநடத்தினர். சில நாள்களிலேயே நிருவாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வும், வேலைநேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. தோட்டத்து வாழ்வை அறிந்த நமக்கு இவ்வெற்றியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டும், கள்ளுக்கடைகளை மூடக் கோரியும், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவை எதிர்த்தும் போராடி, உயிர்ப்பலியும் கொடுத்தனர். இரு போராட்டங்களும் கூலியோடு மானத்தையும் கேட்டவை.

ஆலைத் தொழிலாளர் வெற்றி கண்ட சில நாள்களில், 1908 மார்ச் 12ஆம் நாள், இருவரும் கைது செய்யப்பட்டனர். சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அஃது ஆறாண்டாகக் குறைந்தது. அரசுக்கு எதிராகப் பேசிய குற்றத்தோடு, சிவாவுக்கு இடமளித்து உதவியதும் வ.உ.சி.மீது குற்றமாகச் சாட்டப்பட்டது. சிறையின் கடுந்துன்பங்களுக்கிடையே சிவாவைத் தொழுநோய் பற்றியது. அந்நோயை முற்றும் தீர்க்கும் மருந்து அந்நாளில் இல்லை.

1912இல் விடுதலை பெற்ற சிவா சோர்ந்து அமரவில்லை. பேசும் நாவுக்குத் துணையாக எழுதுகோலையும் ஏந்தினார். 1913இல் ‘ஞானபானு’ என்னும் திங்களிதழைத் தொடங்கி, ஆன்மிகத்தையும் நாட்டுணர்வையும் ஒருசேர வளர்த்தார். புதுச்சேரியில் இருந்த பாரதியார் அவ்விதழில் எழுதினார். ஆசாரியர்களின் வரலாறு கூறும் ‘இராமாநுச விஜயம்’, ‘மத்வ விஜயம்’ முதலிய நூல்களையும் சிவா படைத்தார். ஒரு சமயப் பிரிவுக்குள் ஒடுங்காமல் பல ஆசாரியர்களையும் போற்றி எழுதிய அந்த விரிந்த உள்ளம் எண்ணி மகிழத்தக்கது.

1921இல் அவர் துறவு பூண்டு சுதந்திரானந்தர் என்னும் பெயர் கொண்டார். விடுதலை என்னும் சொல்லைத் துறவுப் பெயரிலேயே தாங்கிய அவருக்கு முத்தியும் நாட்டு விடுதலையும் வேறு வேறாகத் தோன்றவில்லை போலும். அவ்வாண்டிலேயே மீண்டும் சிறை புகுந்து, நோய் முற்றியதால் விடுவிக்கப்பட்டார்.

தொழுநோயாளர் என்னும் காரணத்தால் இரயிலில் பயணம் செய்ய அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. புண்பட்ட கால்களோடு நடந்தும், கட்டை வண்டியில் ஏறியும் அவர் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பணி ஆற்றினார். தருமபுரியை அடுத்த பாப்பாரப்பட்டியில் நிலம் பெற்று, பாரதபுரம் எனப் பெயரிட்டு, அங்கே பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்ப எண்ணினார். சாதி வேற்றுமை இன்றி எவரும் வந்து வணங்குவதற்குரியதாக அதனைக் கருதினார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது 1939இல்தான். அதற்குப் பதினாறாண்டுகளுக்கு முன்னரே இக்கல் ஊன்றப்பட்டது.

ஆலயம் எழுமுன்னரே, 1925 ஜூலை 23ஆம் நாள், தம் நாற்பதாம் வயதில் சிவா இறைவனடி சேர்ந்தார். நெடுங்காலத்துக்குப் பின் பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபமும், பாரதமாதாவுக்கு நினைவாலயமும் அரசால் அமைக்கப்பட்டன.

கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூருக்கு வரும் வழியில் உள்ள சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளர் குடியிருப்பு தோற்றுவிக்கப்பட்டது. பல இனத்தவரும் உற்றாரைப் பிரிந்து அங்கே வாழ்ந்தனர். உலகம் ஒதுக்கிய அவர்களுக்கும் அவ்வளாகத்துக்குள் வழிபடக் கோயில் இருந்தது. இன்று அந்நோய் மருந்தால் முற்றும் குணமாகிறது. ஆயினும் நோயாலும் மூப்பாலும் வறுமையாலும் ஒதுங்கி நிற்போர் நம்மிடையே இல்லாமற்போகவில்லை.

பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து மக்கள் பல ஊர்களுக்குச் சிதறினர். அவர்கள் மீண்டும் ஒன்றுகூடும் நாள் திருவிழா நாளே. கோயிலைக் கட்டிய தலைமுறையைச் சேர்ந்த முதியோர் பலர் வண்டி வசதியின்றி வீட்டிலேயே இருந்து மேளச் சத்தத்துக்குச் செவிசாய்க்கின்றனர். அத்தகையோரைத் தேடிச் சென்று அழைத்து வந்து, சன்னிதிமுன் அமரச் செய்து, பிரசாதத்தை முதலில் அவர்கள் கையில் அளிப்பது நம் கடமையாகும். இரயிலில் இடம் மறுக்கப்பட்ட ஒரு துறவி எல்லார்க்கும் இடமுள்ள ஆலயத்தைக் கனவு கண்டார். அக்கனவில் ஒரு பங்கை நம் கோயில் வாயிலில் நாம் நிறைவேற்ற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் கூட்டுவானாக.