பெயரில்லாத பதக்கம்

நம் ஊர் அம்மன் காசை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. ஆண்டு கிடையாது. நவராத்திரியில் அரிசியோடு அதை வாங்கிய பெரியவர்களுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. இன்று ‘இது எந்தக் காலத்துக் காசு?’ என்று பேரன் கேட்டால் நாம்தான் விழிக்கிறோம்.

அதே கேள்வியோடு போன மாதம் என் பள்ளித் தோழர் வந்தார். கையில் ஒரு பவுடர் டப்பா, உள்ளே பஞ்சில் சுற்றிய ஒரு பதக்கம். அவர் அப்பா அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போய், 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். அப்பாவின் நூற்றாண்டுக்குச் சிறு மலர் போடுகிறார்கள். ‘நேதாஜி வழங்கிய ஜெர்மன் பதக்கம்’ என்று அதில் அச்சிட வேண்டுமாம்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் முத்திரை இல்லை, ஆண்டு இல்லை, பெயரும் இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் கொடுத்த பதக்கம் என்றால் விளிம்பிலேயே சிப்பாயின் எண்ணும் பெயரும் வெட்டியிருக்கும். ஜெர்மன் வழக்கம் வேறு. இரண்டாம் போர்க்காலத்தில் நாடா கோக்கும் வளையத்தில் சிறு எண் குத்துவார்கள். அந்த எண்ணைக் கொண்டு செய்த நிறுவனத்தை அறியலாம். எண்ணே குத்தாமல் போனவையும் ஏராளம்.

எண் இல்லாவிட்டால் உலோகத்தைத்தான் கேட்க வேண்டும். இரும்புச் சிலுவையின் நடுப்பகுதி இரும்பு, காந்தம் பிடிக்கும். போரின் தொடக்கத்தில் வெண்கலத்தில் வந்த பல பதக்கங்கள், செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபின் துத்தநாகத்துக்கு மாறின. பதக்கத்தில் உள்ள ஆண்டை நம்பியும் ஏமாறக் கூடாது. இரும்புச் சிலுவையில் 1914 என்றிருந்தால், அது அந்தப் போருக்காக விருதை அறிவித்த ஆண்டு. அந்தச் சிலுவையைச் செய்த ஆண்டு அல்ல. ஸ்வஸ்திகா இருக்க வேண்டிய இடத்தில் ஓக் இலை இருந்தால், அது 1957-இல் வந்த சட்டத்துக்குப் பின் செய்தது.

தோழர் கொண்டுவந்தது ஆசாத் ஹிந்த் பதக்கம். நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது 1942-இல் ஏற்படுத்திய விருதுகளில் ஒன்று. ஷேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த், ஷஹீத்-இ-பாரத் என்று அவற்றில் நான்கு உண்டு. போர்க்களச் சேவைக்கு என்றால் குறுக்கே வாள்கள் இருக்கும். செய்து கொடுத்தது வியன்னாவில் இருந்த ருடால்ஃப் சூவால் நிறுவனம். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளிலிருந்து திரட்டிய இந்தியப் படையணிக்காகச் செய்தவை இவை.

சிக்கல் இங்கேதான். போர் முடிந்த பிறகும் அந்த நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டு பதக்கம் அடித்து விற்றது. அச்சு ஒன்றே என்பதால், உருவத்தை மட்டும் பார்த்துக் காலம் சொல்ல முடியாது. தோழரின் அப்பா இருந்ததோ கிழக்கே. நேதாஜி 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து நீர்மூழ்கியில் கிளம்பி, ஜூலையில்தான் சிங்கப்பூரில் படைத் தலைமையை ஏற்றார்.

“ஏம்ப்பா, இது எப்ப உங்க வீட்டுக்கு வந்துச்சு?” என்று கேட்டேன்.

வெகுநேரம் யோசித்தார். “அண்ணன் மெட்ராஸ்ல வேலை பாத்தப்ப மூர் மார்க்கெட்ல வாங்கிட்டு வந்தாரு. அப்பாவுக்குன்னு ஆசையா வாங்குனது” என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

எனக்கும் சங்கடம்தான். “அப்பாவோட காகிதம் ஏதாவது இருக்கா?” என்றேன். மறுநாள் எடுத்து வந்தார். 1972-இல் சுதந்திர வெள்ளி விழாவின்போது அரசு கொடுத்த தாமிரப் பட்டயம், தியாகி பென்ஷன் உத்தரவு. இரண்டிலும் அப்பாவின் பெயர் தெளிவாக இருந்தது.

“மலர்ல முதல் பக்கம் இதுதான் வரணும். பதக்கமும் வரட்டும், அண்ணன் வாங்கிக் கொடுத்ததுன்னு கீழ எழுதிடு” என்றேன். சரி என்றார்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒன்று இருக்கலாம். யாருடையது, யார் கொடுத்தார்கள், எப்போது வந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள். நமக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.