தருமகர்த்தா என்னும் சொல்

செல்வம் சிலரிடம் குவிவதும், பலர் இல்லாமையில் உழல்வதும் எல்லாச் சமயங்களும் எதிர்கொண்ட நிலைமையாகும். ஈகையைப் போற்றாத சமயம் இல்லை. ஆயினும், ஒருவன் ஈயும் நிலையிலும் மற்றொருவன் ஏற்கும் நிலையிலும் என்றென்றும் நிற்பது தகுமா என்னும் வினா அத்துணை எளிதில் தீர்வதன்று. முதலாளித்துவமும் சமதர்மமும் இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கின. அதற்குக் காந்தியடிகள் கூறிய விடை ஆங்கிலத்தில் 'டிரஸ்டிஷிப்' எனப்படும். தமிழில் அதனைத் தருமகர்த்தா முறை என்கிறோம்.

இந்த மொழிபெயர்ப்பு மிகவும் பொருத்தமானது. கோயிலின் நிலமும் நகையும் இறைவனுக்கு உரியவை. அவற்றைப் பேணும் தருமகர்த்தா அவற்றின் உடைமையாளர் அல்லர். செல்வர் தம் பொருளுக்கு இத்தகையவராகவே இருத்தல் வேண்டும் என்பது அடிகளின் கருத்து.

இக்கருத்து அவர் உள்ளத்தில் தோன்றிய வரலாற்றை அவரது சுயசரிதை கூறுகிறது. தென்னாப்பிரிக்காவில் கீதையைப் பயின்று வந்த நாட்களில், உடைமை பாராட்டாமை என்னும் அபரிக்கிரகம் அவரைச் சிந்திக்க வைத்தது. மனைவி மக்களோடு வாழ்பவன் எவ்வாறு உடைமையற்றவனாக இருத்தல் கூடும்? சட்டம் பயின்ற காலத்தில் படித்த ஸ்நெல் என்பாரின் நூல் அப்போது அவருக்குத் துணைசெய்தது. பெருஞ்சொத்தை நிருவகித்தும் அதில் ஓர் அணுவையும் தனதென்று கருதாத டிரஸ்டியின் நிலையே கீதை வேண்டும் நிலை என்று அவர் தெளிந்தார். கீதையின் நெறிக்கு ஆங்கிலச் சட்டநூல் உரையாயிற்று.

அந்நெறி 1918இல் ஆமதாபாத்தில் சோதனைக்குள்ளாயிற்று. ஆலைத் தொழிலாளர் 35 சதவீத ஊதிய உயர்வு கோரினர்; ஆலை முதலாளிகள் 20 சதவீதத்துக்கு மேல் தர மறுத்தனர். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயாபென் தொழிலாளர் பக்கம் நின்றார். தொழிலாளரின் உறுதி தளர்ந்தபோது, மார்ச் 15ஆம் நாள் அடிகள் உண்ணாவிரதம் மேற்கொண்டார். மூன்று நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது. வழக்கு நடுவரிடம் சென்றது. நடுவர் ஆனந்தசங்கர் துருவர் 35 சதவீதமே வழங்கினார்.

இவ்வெற்றியை முதலாளிகளின் மனமாற்றம் என்று மட்டும் கூறிவிட இயலாது. தமது உண்ணாவிரதம் அவர்களை நெருக்கியது என்பதை அடிகளே பின்னர் எழுதியுள்ளார். தருமகர்த்தாவின் மனச்சான்றோடு, தொழிலாளர் கூடி நின்ற வலிமையும் நடுவரின் தீர்ப்பும் அங்குத் தேவைப்பட்டன.

ஐயுற்றோரும் இருந்தனர். கட்டுப்பாடற்ற அதிகாரமும் செல்வமும் உடையவரிடம் பொதுநன்மையை நம்பி ஒப்படைத்தல் அறிவுக்குப் பொருந்துமா என்று நேரு 1936இல் வெளியான தம் சுயசரிதையில் வினவினார். இவ்வினாவுக்கு விடைபோல் அமைந்த ஒரு திட்ட வரைவு 1952இல் 'ஹரிஜன்' இதழில் வெளிவந்தது. அது அடிகளின் திருத்தம் பெற்ற வரைவு. சமுதாயம் தன் நலனுக்காக அனுமதிக்கும் அளவுக்கு மேல் தனியுடைமைக்கு உரிமை இல்லை என்றும், செல்வத்தின் உடைமையையும் பயனையும் சட்டத்தால் நெறிப்படுத்துதல் விலக்கப்படவில்லை என்றும் அது கூறியது. குறைந்த வருமானத்துக்கு ஓர் அளவு வகுப்பது போலவே, உச்ச வருமானத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் என்றது. இது வெறும் ஈகையின் மொழியன்று என்பது தெளிவு.

இதற்கிடையே, நிலவுடைமையில் இச்சோதனை தொடங்கிவிட்டது. தெலுங்கானாவில் நிலத்தின் பொருட்டு ஆயுதப் போராட்டம் நிகழ்ந்த காலம் அது. 1951 ஏப்ரல் 18ஆம் நாள் வினோபா பாவே போச்சம்பள்ளியை அடைந்தார். நிலமற்ற 40 ஹரிஜனக் குடும்பத்தினர் 80 ஏக்கர் வேண்டினர். இராமச்சந்திர ரெட்டி என்பார் 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதானம் பிறந்தது. காற்றும் நீரும் போல நிலமும் இறைவனுடையது என்று கூறி, வினோபா ஆண்டுக்கணக்கில் நாடெங்கும் நடந்தார். ஐந்து கோடி ஏக்கர் அவரது இலக்கு. கிடைத்தது ஏறத்தாழ 42 இலட்சம் ஏக்கர். அதிலும் சாகுபடிக்கு உதவாத நிலமும் வழக்கில் சிக்கிய நிலமும் மிகுதி. பெரும்பகுதி உரியவர் கைக்குச் சென்று சேரவில்லை. கொடுப்பதாகச் சொல்லும் சொல்லுக்கும் பட்டாவுக்கும் இடையே தூரம் நெடிதாக இருந்தது.

அந்தத் தூரத்தைக் குறைக்க முயன்றவர்களுள் நம் தமிழகத்துப் பூதானத் தொண்டர்களான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் குறிப்பிடத்தக்கவர்கள். 1968இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான பின்னர் அவர்கள் தஞ்சைப் பகுதிக்குச் சென்று பணியாற்றினர். தானத்தை எதிர்பார்த்திருப்பதோடு அமையாது, 1981இல் 'லாப்டி' என்னும் அமைப்பை நிறுவினர். கடனுதவி பெற்று நிலவுடைமையாளரிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கினர். உழைக்கும் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்வித்தனர்.

சமயம் செல்வரின் நெஞ்சைத் தொடக்கூடும் என்பதற்குப் போச்சம்பள்ளி சான்று. நெஞ்சு மட்டும் போதாது என்பதற்குப் பூதானத்தின் எஞ்சிய கணக்கு சான்று. 1927ஆம் ஆண்டின் சென்னை இந்து அறநிலையச் சட்டம் கோயில் தருமகர்த்தாக்களின் கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்தியது. பக்தியில் குறையுண்டு என்று எவரும் அதனைப் பொருள்கொள்ள வேண்டியதில்லை. பிறர் பொருளைப் பேணுபவர் கணக்குக் காட்டுதல் இயல்பே. செல்வரைத் தருமகர்த்தா என்று அழைக்கும்போது அந்தக் கணக்கேட்டையும் சேர்த்தே நாம் அழைக்கிறோம்.