துபாஷி இல்லாமல் பேசுதல்: திருவிதாங்கூரில் ஆங்கிலப் பேச்சும் தனிப்பாடமும்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை, ஆரியங்கோடு வரையுள்ள எல்லையோர ஊர்களில் இன்று ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியின் விளம்பரம் எட்டாத கைப்பேசி அரிது. "ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர்", "இலக்கணம் வேண்டாம், பேசினால் போதும்", "உங்களுக்கு வசதியான நேரத்தில்" என்பன அவற்றின் வழக்கமான வாசகங்கள். இது இணையம் கொண்டுவந்த புதிய வணிகம் என்றே பலரும் கருதுகிறோம். ஆனால் இந்த மண்ணில் ஆங்கிலப் பேச்சு வேரூன்றியதே இதே வடிவத்தில்தான். ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், பேச்சு. பள்ளிகள் பின்னால் வந்தவை. அவை வந்த பிறகும் பேச்சு மட்டும் பெரும்பாலும் தனிப்பாடத்திலேயே தங்கிவிட்டது. அது ஏன் என்பதே இப்பதிவின் கேள்வி. சற்று நீளமான பதிவு, நண்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் அரசியல் பின்னணி. ஆங்கிலேயக் கம்பெனியுடன் திருவிதாங்கூர் 1795-இலும் 1805-இலும் உடன்படிக்கைகள் செய்துகொண்டது. இரண்டாம் உடன்படிக்கையின் சுமை தாளாமல் வெடித்த வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி 1809-இல் ஒடுக்கப்பட்டது. அதன்பின் நாட்டின் உண்மையான கடிவாளம் ரெசிடெண்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் கைக்குச் சென்றது. அரசருக்கும் ரெசிடெண்டுக்கும் இடையே ஒரு மூன்றாம் மனிதர் தேவைப்பட்டார். அவரே துபாஷி, இருமொழி அறிந்தவர். அவர் எதைச் சொல்கிறாரோ அதுவே அரசர் சொன்னது. எதை விடுகிறாரோ அது சொல்லப்படாதது. எனவே ஆங்கிலத்தில் நேரே பேச அறிந்த அரசர் என்பது அலங்காரம் அன்று. நாட்டின் சார்பில் பேசுவது யார் என்ற கேள்விக்கான விடை அது.

1810-இல் ரெசிடெண்டாக வந்த கர்னல் ஜான் மன்றோ சில ஆண்டுகள் திவான் பொறுப்பையும் சேர்த்து வகித்தார். 1813-இல் பிறந்த சுவாதித் திருநாள் குழந்தையாக இருக்கும்போதே அரசர் என அறிவிக்கப்பட்டார். ஆட்சியை முதலில் தாயார் கௌரி லட்சுமி பாயும், 1815 முதல் சிற்றன்னை கௌரி பார்வதி பாயும் நடத்தினர். வளரும் அரசருக்கு ஆங்கிலம் கற்பிக்க அழைத்துவரப்பட்டவர் ஓர் ஆங்கிலேயர் அல்லர். தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமணர் சுப்பராவ். திருவிதாங்கூர் மக்கள் அவருக்கு இட்ட பெயர் 'இங்கிலீஷ் சுப்பராவ்'. ஒருவர் அறிந்த மொழியே அவருக்கு அடைமொழியாகிவிட்டது.

ஏன் தஞ்சாவூர்? சுவார்ட்ஸ் பாதிரியாரின் முயற்சியால் 1780-களிலேயே அங்கு ஆங்கிலப் பள்ளி தோன்றியிருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியே இளமையில் சுவார்ட்ஸின் கண்காணிப்பிலும், பின்னர் சென்னையில் கெரிக்கே பாதிரியாரிடமும் தனியே பயின்றவர். ஆங்கிலம் அறிந்த மராத்தியப் பிராமணர் தலைமுறை ஒன்று காவிரிக் கரையில் உருவாகித் தென்னிந்திய சமஸ்தானங்களெங்கும் பரவியது. வீட்டில் மராத்தி பேசிய ஒருவர், வீட்டில் மலையாளம் பேசிய ஒரு சிறுவனுக்கு, இருவருக்கும் சொந்தமல்லாத ஒரு மொழியைப் பேசப் பயிற்றினார். 'தாய்மொழியாளரே கற்பிக்க வேண்டும்' என்று இன்று விளம்பரம் செய்வோர் இதைக் கவனிக்கலாம்.

பாடத்தின் பலன் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு நேரடிச் சான்று உண்டு. 1825-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் தமது இராணுவ நினைவுக் குறிப்புகளில் அந்தச் சந்திப்பை விரிவாக எழுதியுள்ளார். அரசருக்கு அப்போது பதின்மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது. ஆசிரியரும் உடனிருந்தார். சிறுவன் ஆங்கில நூலொன்றிலிருந்து வாசித்துக் காட்டினான். பின்னர் சிலேட்டை எடுத்து யூக்ளிடின் 47-ஆம் தேற்றத்துக்கு, அதாவது நாம் பைதாகரஸ் தேற்றம் என்று படிக்கும் அதற்கு, படம் வரைந்தான். வெல்ஷை வியக்கவைத்தது அதன்பின் நடந்தது. ஜியோமெட்ரி என்ற சொல்லே சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்றும், ஹெக்ஸகன், ஹெப்டகன், ஆக்டகன், டெககன் முதலிய சொற்களுக்கும் மூலம் அதுவே என்றும் சிறுவன் ஆங்கிலத்திலேயே விளக்கினான்.

மொழியியல் படித்தவர்களுக்கு இது சுவையான இடம். ஜியோமெட்ரி கிரேக்கச் சொல், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததன்று. ஆனால் ஹெக்ஸா–ஷட், ஹெப்டா–ஸப்த, ஆக்டோ–அஷ்ட, டெகா–தச என்ற இணைகளில் சிறுவன் கண்ட ஒப்புமை தற்செயலானதன்று. அவை ஒரே மூலமொழியின் இரு கிளைகளில் வளர்ந்த உறவுச் சொற்கள். கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம் ஆகியவற்றின் உறவை வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் எடுத்துரைத்தது 1786-இல்தான். கடன் என்று சிறுவன் சொன்னதை உறவு என்று திருத்தினால் போதும்.

எனினும் இந்நிகழ்வில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது சொற்பிறப்பியல் அன்று. ஒரு வெளிநாட்டு அதிகாரி எதிரே அமர்கிறார். மாணவன் வாசிக்கிறான், விளக்குகிறான், தன் கருத்தைச் சொல்கிறான். அதிகாரி மதிப்பிட்டு எழுதுகிறார். இது ஒரு பேச்சுத் தேர்வு. சிறுவன் மனப்பாடம் ஒப்பிக்கவில்லை. தன் மரபின் பெருமையை எதிராளியின் மொழியில் வாதிட்டான். அதுவே உரையாடல் மொழியைக் கற்றதன் உண்மையான அடையாளம்.

1829-இல் ஆட்சிப் பொறுப்பை நேரடியாக ஏற்ற சுவாதித் திருநாள், மறுஆண்டே தம் ஆசிரியரைத் திவானாக்கினார். சுப்பராவ் 1837 வரையிலும், மீண்டும் 1839 முதல் 1842 வரையிலும் அப்பதவியில் இருந்தார். ஆங்கில ஆசிரியர் நாட்டின் தலைமை நிர்வாகியாவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் ரெசிடெண்டுடன் பேசுவதே ஆட்சியின் பாதி வேலையாக இருந்த காலத்தில் அது இயல்பான பதவி உயர்வுதான்.

ஆங்கிலம் அரசரைக் காப்பாற்றியதா என்றால், இல்லை. 1840-இல் ரெசிடெண்டாக வந்த ஜெனரல் கல்லன் தம் ஆளான கிருஷ்ணராவை நிர்வாகத்தில் புகுத்தி, ஒவ்வொரு முடிவிலும் தலையிட்டார். அரசர் மனம் கசந்து ஒதுங்கி, 1846-இல் 33 வயதில் மறைந்தார். நேரே பேசத் தெரிந்தவருக்கும் பேச்சைக் கேட்கவேண்டிய கட்டாயம் எதிராளிக்கு இல்லாதபோது மொழி பயன்படவில்லை. துபாஷியை நீக்கலாம், அதிகார வேறுபாட்டை மொழியால் மட்டும் நீக்க முடியாது.

அந்த அரசரே ஒரு கதவையும் திறந்துவைத்தார். நாகர்கோவிலில் கற்பித்துவந்த ஜான் ராபர்ட்ஸைத் திருவனந்தபுரத்துக்கு வரவழைத்து 1834-இல் ஆங்கிலப் பள்ளி தொடங்கச் செய்தார். 1836-இல் அது அரசின் இலவசப் பள்ளியாயிற்று. 1866-இல் கல்லூரியாக வளர்ந்த அதுவே இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி. ஆனாலும் அரண்மனையில் தனிப்பாட முறை மாறவில்லை. 1849-இல் கும்பகோணத்தில் பிறந்த இளைஞர் மாதவராவ் இளவரசர்களுக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டார். சென்னையில் பவல் துரையிடம் பயின்ற அவர் பின்னர் 1857 முதல் 1872 வரை திவானாக விளங்கினார். அவருடைய மாணவர்கள் ஆயில்யம் திருநாளும் விசாகம் திருநாளும் அடுத்தடுத்து அரசர்களாயினர். விசாகம் திருநாள் ஆங்கில இதழ்களில் கட்டுரை எழுதுமளவு தேர்ந்தவர். ஆசிரியராக வந்து திவானாவது இரண்டாம் முறையாக நடந்தது.

பள்ளி பரவியபோது பாடத்தின் இயல்பு மாறியது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் ஆங்கிலம் என்பது மெட்ரிகுலேஷன் தேர்வு என்றாயிற்று. தேர்வு எழுத்தில் நடந்தது. எனவே கல்வியும் எழுத்தில் நடந்தது. மனு எழுதவும், கோப்பு எழுதவும், சட்டம் படிக்கவும் வல்லவர்கள் பெருகினர். எழுத்து ஆங்கிலத்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1891-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல், உயர்பதவிகள் வெளியூர்ப் பிராமணர்களுக்கே செல்வதை எதிர்த்தது. சுப்பராவ், மாதவராவ் வழிவந்த மரபுக்கு எதிரான குரல் அது. சென்னையில் மருத்துவம் படித்தும் ஈழவர் என்பதால் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு மைசூரில் பணியாற்றிய டாக்டர் பல்பு, 1896-இல் 13,000-க்கும் மேற்பட்டோரின் கையெழுத்துடன் ஈழவ மெமோரியலை அளித்தார். மொழி இருந்தும் வாசல் மூடியிருந்தது.

ஆரியங்கோட்டுக்கு அருகேயே இதன் மறுபக்கம் இருக்கிறது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாதவர். 1910-களில் ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற புலயச் சிறுமியைச் சேர்க்க அவர் அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டது, பள்ளி தீக்கிரையானது. 1937-இல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியிடம், தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளையாவது கண்டுவிட்டுச் சாகவேண்டும் என்றார் அவர். ஒரே நாடு, அரண்மனையில் ஒரு சிறுவனுக்காக ஓர் ஆசிரியர் தஞ்சாவூரிலிருந்து வந்தார், அதிலிருந்து சுமார் 90 ஆண்டு கழித்தும் ஒரு சிறுமி பலகையில் அமர்வதற்கே ஊர் எரிந்தது. 'யாருக்கு ஆசிரியர் கிடைத்தார்' என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை எழுத இயலாது.

பின்னர் 1956 வந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. நவம்பர் 1-ஆம் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்யும் 350ஏ பிரிவு, அதே ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் இடம்பெற்றது. ஆனால் எல்லையோரத் தமிழ்க் குடும்பத்தின் அன்றாடம் இதுதான்: வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், வேலைக்கு ஆங்கிலம். மூன்றாவதற்கான பாதை பெரும்பாலும் இரண்டாவதன் வழியாகவே செல்கிறது. புரியாத சொல்லுக்கு வகுப்பில் சொல்லப்படும் பொருளே இன்னொரு கற்ற மொழியில் இருக்கிறது. தனிப்பாடத்தில் மட்டுமே ஆசிரியர், விரும்பினால், மாணவரின் வீட்டுமொழிக்கு இறங்கிவர முடியும்.

இனி முதல் கேள்விக்கு வரலாம். பள்ளி ஏன் பேச்சைத் தரவில்லை? ஆசிரியர்களைக் குறைகூறுவது எளிது. கணக்குப் போட்டுப் பார்ப்பது நேர்மை. 45 நிமிட வகுப்பில் 40 மாணவர்கள். ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். எழுத்தை நாற்பது பேர் ஒரே நேரத்தில் பழகலாம். முறைவைத்துப் பேசுவதைப் பழக எதிரே ஒருவர் வேண்டும். பல மொழிகளின் உரையாடல்களை அளந்த ஆய்வுகள், ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கே என்று காட்டியுள்ளன. அந்த இடைவெளிக்குள் புரிந்து, சொல் தேடி, வாய் திறக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே பொருந்துகிறது. பேச்சு என்பது அறிவைக் காட்டிலும் பழக்கம். பழக்கத்துக்குத் துணை தேவை. அரண்மனைக்கு அது கிடைத்தது. மற்றவர்களுக்குப் பாடநூல் கிடைத்தது.

அந்தப் பேச்சுத் தேர்வு இன்று சாமானியர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வெளிநாட்டுக்குச் செல்ல விரும்பும் செவிலியர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம். தேர்வாளர் ஒருவர், தேர்வெழுதுபவர் ஒருவர். ஓ.இ.டி. தேர்விலோ நோயாளியாக நடிக்கும் ஒருவருடன் செவிலியராகப் பேசிக் காட்ட வேண்டும். 1825-இல் வெல்ஷின் முன் அமர்ந்த சிறுவனுக்குத் தோற்றால் இழப்பில்லை, அரசுரிமை அவனுடையதே. இன்று கல்விக்கடன் வாங்கி நர்சிங் முடித்த எல்லையோரப் பெண்ணுக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் குடும்பத்தின் பல ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. எனவே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டுவோரை ஆங்கில மோகம் என்று எள்ளுவது வரலாற்றை அறியாத எள்ளல். அவர்கள் வாங்குவது, பொதுக்கல்வி தமக்குத் தராமல் விட்ட பாதியை.

அதே காரணத்தால், இதை முழுவதும் சந்தையிடம் விட்டுவிடுவதும் சரியன்று. பணம் உள்ளவருக்கே பேச்சுத்துணை என்றால் அரண்மனை ஒழுங்கு வேறு வடிவில் தொடர்கிறது என்றே பொருள். அரசுப் பள்ளியில் வாரம் இரு பாடவேளை, நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பேச விட்டால்கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் பல மடங்காகும். உச்சரிப்புக்கு வெளிநாட்டார் தேவையில்லை என்பதைத் தஞ்சாவூர் ஆசிரியர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். தேவைப்படுவது பொறுமையாகக் கேட்டு மறுமொழி சொல்லும் ஒருவர்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டார நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்தவர்கள் முதல் ஆங்கில வாக்கியத்தை யாரிடம் பேசக் கற்றார்கள்? உபதேசியாரிடமா, ட்யூட்டோரியல் ஆசிரியரிடமா, வெளிநாட்டிலிருந்து திரும்பிய அண்ணனிடமா? எந்த மொழி வழியாக? கேட்டு எழுதுங்கள். அரண்மனையின் தனிப்பாடத்தை ஒரு கர்னல் எழுதிவைத்தார். மற்றவர்களின் பாடத்தை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.