பிரிவதற்காக நடந்த 90 நாட்கள்

1988ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி, சீனப் பெருஞ்சுவர் கடலைத் தொடும் கிழக்கு முனையான ஷன்ஹாய்குவானிலிருந்து மரினா அப்ரமோவிச் மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். கோபி பாலைவன ஓரத்திலுள்ள ஜியாயுகுவான் கோட்டையிலிருந்து உலாய் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். ஒவ்வொருவரும் 2,000 கிலோமீற்றருக்கும் மேல் நடந்தார்கள். ஜூன் 27ஆம் திகதி, ஷான்ஷி மாகாணத்து மேட்டுநிலத்தில், ஷென்முவுக்கு அருகேயுள்ள எர்லாங் மலையில் சந்தித்தார்கள். கட்டியணைத்தார்கள். அத்துடன் அவர்களுடைய 12 வருட உறவும் கூட்டுக் கலை வாழ்வும் முடிவுக்கு வந்தன.

தாங்குதிறனை மையப்படுத்திய ஆற்றுகைக் கலை பற்றிப் பேசும்போதெல்லாம் உதாரணமாகச் சொல்லப்படும் படைப்பு இது. இந்த வகைக் கலையில் உடலும் நேரமும்தான் மூலப்பொருள். ஒத்திகை கிடையாது. ஒரு விதியை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அது முடியும்வரை உடல் தாங்கவேண்டும். ஆகவே 'முடித்தல்' என்பது இங்கு படைப்பின் ஒரு பகுதி. பாதி வரைந்த ஓவியத்துக்குக்கூட ஒரு பெறுமதி இருக்கலாம். பாதியில் விட்ட நடை வெறும் பயணம்தான்.

பெல்கிரேட்டில் பிறந்த மரினாவும் ஜேர்மனியரான உலாயும் 1976இல் இருந்து சேர்ந்து இயங்கியவர்கள். 1980இல் டப்ளினில் நிகழ்த்திய ஆற்றுகையில் நாணேற்றிய வில்லை இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துச் சாய்ந்து நின்றார்கள். அம்பு மரினாவின் இதயத்தைக் குறிபார்த்திருந்தது. நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக நின்றார்கள். 1981 முதல் 1987 வரை உலகின் பல நகரங்களில் ஒரு மேசையின் இரு முனைகளில் அசையாமல், பேசாமல் அமர்ந்திருந்த ஆற்றுகையை மொத்தம் 90 நாட்கள் செய்தார்கள்.

பெருஞ்சுவர் யோசனை எண்பதுகளின் தொடக்கத்தில், அவுஸ்திரேலியப் பாலைவன அனுபவத்தை ஒட்டி உருவானது. சந்திரனிலிருந்து தெரியும் மனிதக் கட்டுமானம் பெருஞ்சுவர் என்று அப்போது பரவலாக நம்பப்பட்டது. (2003இல் விண்வெளிக்குச் சென்ற சீனர் யாங் லிவெய், பூமியைச் சுற்றும்போதே அது தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்.) இரு முனைகளிலிருந்தும் தனியே நடந்து, நடுவில் சந்தித்துத் திருமணம் செய்துகொள்வதே முதல் திட்டம்.

சீன அரசின் அனுமதிக்காகப் பல வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. திகதிகள் தள்ளிப்போயின. அனுமதி கிடைத்தபோது உறவு முறிந்திருந்தது. திட்டத்தைக் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ விதியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் அர்த்தத்தை மட்டும் மாற்றினார்கள். திருமணத்துக்கான நடை விடைபெறுவதற்கான நடையானது. இந்தப் படைப்பின் கனம் முழுவதும் இந்த முடிவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். காதலுக்காக 90 நாட்கள் நடப்பது புரிந்துகொள்ளக்கூடியது. நடப்பதற்கான காரணமே போன பிறகும் நடப்பது வேறொன்று.

நினைத்தபடி தனிமையும் வாய்க்கவில்லை. வெளிநாட்டவருக்குத் தடைசெய்யப்பட்ட பகுதிகள் வழியில் இருந்ததால் மொழிபெயர்ப்பாளரும் காவலர்களும் கூடவே வந்தார்கள். சுவரில் கூடாரமடித்துத் தங்க அனுமதி இல்லை. மாலையில் சுவரைவிட்டு இறங்கிக் கிராமத்துக்குப் போய், காலையில் மீண்டும் ஏறவேண்டும். பயணிகள் காணும் செப்பனிட்ட சுவர் மிகச் சிறிய பகுதிதான். மரினாவுக்கு வாய்த்த கிழக்குப் பகுதி செங்குத்தான மலைமுகடுகளில் சரிந்து கிடக்கும் கற்குவியல். உலாயின் மேற்குப் பகுதியில் சுவர் பெரும்பாலும் இடித்திறுக்கிய மண். காற்று அரித்து, சில இடங்களில் வெறும் மேடாகத் தேய்ந்திருந்தது. தங்கிய கிராமங்களில் முதியவர்களிடம் மரினா டிராகன் கதைகளைக் கேட்டு வாங்கினார். நிலத்தடிக் கனிமங்கள் மீது அவருக்கு ஏற்பட்ட ஈடுபாடு, பின்னர் அவர் கற்களைக் கொண்டு செய்த சிற்பப் படைப்புகளுக்கு வழிவகுத்தது.

முடிவும் இணக்கமாக அமையவில்லை. எங்கே எதிர்ப்படுகிறோமோ அங்கே முடியவேண்டும் என்று மரினா எதிர்பார்த்திருந்தார். உலாயோ கோயில்கள் சூழ்ந்த அழகான இடமொன்றைத் தேர்ந்து, அங்கேயே நின்று காத்திருந்தார். அது தனக்குக் கடும் கோபத்தைத் தந்ததாக மரினா தனது நினைவுநூலில் எழுதியிருக்கிறார். படத்துக்கு அழகாக அமைவது முக்கியமா, விதிப்படி முடிப்பது முக்கியமா? மரினாவின் கோபம் நியாயமானதாகவே படுகிறது.

இந்த ஆற்றுகைக்குப் பார்வையாளர்கள் என்று எவரும் இருக்கவில்லை. எஞ்சியவை முர்ரே கிரிகோர் எடுத்த ஆவணப்படமும் புகைப்படங்களும், 1989இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சியுமே. 2010இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் மரினாவின் எதிரே உலாய் வந்து அமர்ந்த காணொளி, பெருஞ்சுவருக்குப் பிறகான முதல் சந்திப்பு என்று இன்றும் பகிரப்படுகிறது. அது சரியல்ல, இடையில் அவர்கள் சந்தித்திருந்தார்கள், 1999இல் கூட்டுப் படைப்புகளின் உரிமை பற்றி ஒப்பந்தமும் செய்திருந்தார்கள்.

அந்த ஒப்பந்தம் மீறப்பட்டதாக உலாய் தொடர்ந்த வழக்கில், 2016இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அவருக்கு 250,000 யூரோவும் வழக்குச் செலவும் வழங்க உத்தரவிட்டது. பெயர் வரிசையையும் நீதிமன்றமே தீர்மானித்தது: 1976 முதல் 1980 வரையான படைப்புகளுக்கு 'உலாய்/அப்ரமோவிச்', 1981 முதல் 1988 வரையானவற்றுக்கு 'அப்ரமோவிச்/உலாய்'. பெருஞ்சுவர் நடை இரண்டாவது வரிசையில் வருகிறது.